சுவருக்கு அந்தப் பக்கம்

போன செவ்வாய்க்கிழமை காலை. அடுப்படியில் கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். ஹால் சுவரில் 'டக் டக்' என்று இரண்டு தட்டு.

"வரேன்க்கா" என்று குரல் கொடுத்துவிட்டேன். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தால்... சுவரோரம் ஸ்க்ரூடிரைவரும் கையுமாக ஒரு பெண் நின்று என்னை வினோதமாகப் பார்க்கிறாள்.

அவள் பெயர் ரேகா. நான்தான் வரச் சொல்லியிருந்தேன். சுவரில் பூசணம் பிடித்தால், ஈரம் எங்கிருந்து வருகிறது என்று மீட்டர், கேமரா சகிதம் வந்து பார்த்து ரிப்போர்ட் கொடுப்பது அவள் வேலை. இதற்குக்கூடவா ஆள் இருக்கிறது என்கிறீர்களா? பெங்களூரில் எதற்குத்தான் ஆள் இல்லை?

காபிக்குக் கூப்பிடத்தான் ஆள் இல்லை.

அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஹாலுக்கும் பக்கத்து ஃப்ளாட் ஹாலுக்கும் நடுவே ஒரே சுவர். அந்தப் பக்கம் ஸ்டெல்லாக்கா. கண்டோன்மென்ட் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர். யார் வீட்டில் முதலில் டிக்காஷன் இறங்குகிறதோ அவர் டம்ளரால் சுவரில் இரண்டு தட்டு தட்டுவார். காபி ரெடி என்று அர்த்தம். பதிலுக்கு ஒரு தட்டு தட்டினால் 'வருகிறேன்'. கையில் செல்போன் இருக்கும்போது இதென்ன கூத்து என்று என் வீட்டுக்காரர் கேட்பார். செல்போனுக்கு சார்ஜ் போட வேண்டும், சுவருக்கு வேண்டாம் என்பார் ஸ்டெல்லாக்கா.

கனடாவில் இருக்கும் மகன் அவரை ஆறு மாதத்துக்கு என்று அழைத்துப் போனான். அந்த ஆறு மாதம் முடிந்து எவ்வளவோ நாளாகிவிட்டது.

சொந்தக்காரர் ஒருவர் பிரிந்து போனால் நான்கு பேர் வந்து விசாரிப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஊருக்குப் போய்விட்டால்? யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. எனக்கானால் சாயங்காலக் காபி இன்னும் தொண்டையில் சரியாக இறங்கவில்லை.

சரி, பூசணத்துக்கு வருகிறேன். மழை பிடித்ததிலிருந்து அந்தச் சுவரில் கறுப்புப் புள்ளிகள். பெயின்ட் அடித்தோம். திரும்ப வந்தது. மறுபடி அடித்தோம். மறுபடி வந்தது. வீட்டுக்காரருக்கு இருமல் நிற்கவே இல்லை. டாக்டர் மருந்தை எழுதிவிட்டு, வீட்டுச் சுவர் எப்படி இருக்கிறது என்று கேட்டார். அப்படித்தான் ரேகா வந்தாள்.

உள்ளே ஈரம் ஏறிப் பூச்சு விட்டுப்போன இடத்தில் தட்டினால் 'டொப்' என்று கேட்குமாம். நல்ல இடம் 'டக்'. அதற்காகத்தான் தட்டியிருக்கிறாள். மீட்டரை வைத்து அங்குலம் அங்குலமாகப் பார்த்தாள். கடைசியில் சொன்னாள்:

"உங்க சைடுல லீக்கேஜ் எதுவும் இல்ல ஆன்ட்டி. ஈரம் பின்னாடியிருந்து வருது. அந்தப் பக்கம் யார் இருக்காங்க?"

யாரும் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சாவி இருக்கிறது என்றேன்.

சாவி இருந்தும் கதவடியில் கிடக்கும் பில்களை எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவதுதான் என் வழக்கம். அவர் இல்லாத அந்த ஹாலில் நிற்க எனக்குப் பிடிக்காது. அன்றைக்கு நின்றேன். குப்பென்று ஈர வாடை. வேளாங்கண்ணி மாதா படத்தின் கண்ணாடிக்குள் வெள்ளையாய்ப் பூசணம் பூத்திருந்தது. பால்கனியில் குல்மொஹர் மரத்துப் பொடி இலைகள் விழுந்து விழுந்து தண்ணீர் போகும் ஓட்டையை அடைத்துவிட்டன. தேங்கிய மழைத் தண்ணீரைச் சுவர் குடித்திருக்கிறது. ஷோகேஸை நகர்த்தினால் பின்னால் முழுக்கக் கறுப்பு.

அதற்குச் சற்றுத் தள்ளி, டம்ளர் விளிம்பு பட்டுப் பட்டுப் பெயின்ட் உதிர்ந்த அந்த இடம். விரலால் தொட்டேன், ஜில்லென்று இருந்தது.

"ஆள் இருந்தா இவ்ளோ வராது ஆன்ட்டி," என்றாள் ரேகா. "ஜன்னல் திறப்பாங்க, பால்கனி பெருக்குவாங்க. பூட்டி வெச்ச வீட்டுலதான் இது ஜாஸ்தி."

பூட்டி வைத்தால் பத்திரம் என்றல்லவா நினைத்துக்கொண்டிருக்கிறோம்?

மறுநாள் ரிப்போர்ட் வந்தது. சிவப்பும் நீலமுமாகக் கேமராப் படங்கள்; நீலமாக இருக்கும் இடமெல்லாம் ஈரமாம். இரண்டு பக்கமும் பூச்சைக் கொத்தி எடுத்துப் புதிதாகப் பூச வேண்டும். வீட்டில் ஆள் குடியிருப்பது நல்லது.

அதை ஸ்டெல்லாக்காவின் மகனுக்கு அனுப்ப வேண்டும். நல்ல பிள்ளைதான். ஆனால் ஃப்ளாட்டை யாராவது வாங்குவார்களா என்று ஏற்கெனவே ஒருமுறை என்னிடம் கேட்டிருக்கிறான். இதைப் பார்த்தால் விற்றே தீர்வான். வீடு போய்விட்டால் அவர் எங்கே வந்து இறங்குவார்? அனுப்பாவிட்டாலோ, இங்கே ஒருவர் இருமிக்கொண்டே இருக்கிறார். நாள் முழுக்க போனைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். கடைசியில் ஸ்டெல்லாக்காவையே கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன்.

"அனுப்பிடு வசந்தா. மறைக்காத," என்றார். "உன் வீட்டுக்காரர் உடம்ப விடவா என் வீடு பெருசு?"

அனுப்பினேன். 'முதல்ல ரிப்பேர் பண்ணிடலாம் ஆன்ட்டி, மத்ததை அப்புறம் பார்க்கலாம்' என்று பதில் போட்டான். அந்த 'அப்புறம்' எனக்குப் பிடிக்கவில்லை.

சனிக்கிழமை காலை கொத்தனார் வருவதற்கு முன்பே ஸ்டெல்லாக்கா போன் செய்தார். அங்கே இரவுச் சாப்பாடு முடிந்திருந்ததாம். நான் அவர் வீட்டு ஹாலில்தான் நின்றுகொண்டிருந்தேன், ஜன்னல்களையெல்லாம் திறந்து வைத்துவிட்டு.

எந்தப் பக்கத்தை உடைக்கிறார்கள் என்று கேட்டார். இரண்டு பக்கமும் என்றேன்.

"உடைக்கிறதுக்கு முன்னாடி ஒரு வாட்டி தட்டேன். நான் கேக்கறேன்."

அவர் அலமாரியிலிருந்தே டம்ளரை எடுத்தேன். போனைச் சுவரோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, பெயின்ட் உதிர்ந்த அந்த இடத்திலேயே இரண்டு தட்டு தட்டினேன். 'டொப் டொப்' என்றுதான் கேட்டது. பாழாய்ப்போன ஈரம்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று காதில் வைத்துப் பார்த்தேன்.

'டக்.'

ஒரே ஒரு தட்டு. மேஜையிலா, கனடாச் சுவரிலா, தெரியாது.

வருகிறாராம். என்றைக்கு என்றுதான் சொல்லவில்லை.