சதவீதம் மாமா

என் அக்கா கணவர் வானிலை அலுவலகத்தில் வேலை பார்த்தார். தெருவில் அவருக்குப் பெயர் சதவீதம். நாளை மழை வருமா என்று கேட்டால் மனிதர் வரும் என்றும் சொல்ல மாட்டார், வராது என்றும் சொல்ல மாட்டார். நூற்றுக்கு முப்பது என்பார். கேட்டவர் அதை நம்பித் துணியைக் காயப்போட்டு, நனைந்த பிறகு சண்டைக்கு வருவார். "முப்பதுன்னா வராதுன்னு அர்த்தமா? உங்களுக்குப் புரியலன்னா மேகம் என்ன பண்ணும்?" என்று வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசிக் கதவைச் சாத்துவார் மாமா. அவர் சொன்ன பதினைந்து சதவீதத்தை நம்பி மொட்டை மாடியில் கல்யாண விருந்து வைத்து நனைந்தவன் நான். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். மாமாவுக்கு வந்தது ரத்தப் புற்றுநோய், அதிலும் வேகமாகப் பெருகும் வகை. முதல் சுற்று மருந்து ஏற்றினார்கள். தலைமுடி போனது, நாக்கில் ருசி போனது, நோய் மட்டும் போகவில்லை. எலும்பு மஜ்ஜையைச் சோதித்துப் பார்த்த டாக்டரம்மா கட்டிலருகே வந்து காரணம் சொன்னார். கெட்டுப்போன செல்களின் மேல் ஒரு புரதம் அளவுக்கு மீறி இருக்கிறதாம். உள்ளே போகிற மருந்தை அது பிடித்து வெளியே தள்ளிவிடுகிறதாம். அது இருந்தாலே நோய் சுலபத்தில் அடங்காது என்பதற்கு அடையாளமாம். அதன் பிடியில் சிக்காத வேறு மருந்து இருக்கிறது, முன்னதைவிடக் கடுமையானது, ஏற்றலாமா என்று கேட்டார்.

"ஏத்துனா குணமாயிடுமா?" என்றார் மாமா.

"உங்கள மாதிரி இருக்கறவங்கள்ல நூத்துக்கு நாப்பது பேருக்கு நோய் அடங்குது."

"அது சரி. எனக்கு அடங்குமா, அடங்காதா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க."

இத்தனை வருஷமாக நாங்கள் அவரிடம் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்ட அதே கேள்வி. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மாமாவின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிப்போனது. மனிதர் நிஜமாகவே பயந்திருந்தார்.

நாற்பது என்றால் அடங்காது என்று பொருளல்ல, அடங்கும் என்ற உத்தரவாதமும் அல்ல என்றார் டாக்டரம்மா. இந்த வழவழா பேச்சு மாமாவுக்குப் பிடிக்கவில்லை. தெளிவாகப் பேசத் தெரியாதவரிடம் உடம்பைக் கொடுக்க முடியாது, வீட்டுக்குப் போகலாம் என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். தள்ளிப்போட்டால் அந்த நாற்பதும் தேய்ந்துவிடும், நாளைக்குள் முடிவு சொல்லுங்கள் என்று டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். கெஞ்சிப் பார்த்தேன், மிரட்டிப் பார்த்தேன். அவர் சுவரைவிட்டுத் திரும்பவில்லை.

மறுநாள் காலை அக்கா மெத்தென்ற பிரஷ் ஒன்றில் பேஸ்ட் வைத்து அவர் முன்னால் நீட்டினாள்.

"நாப்பது பேருக்கு அடங்குதுல்ல? அந்த நாப்பதுல ஒருத்தர் நீங்க. எழுந்து பல்ல விளக்குங்க, மருந்து ஏத்த நர்ஸ் வருவாங்க."

கணக்குப்படி இது சுத்த அபத்தம். வேறு யாராவது சொல்லியிருந்தால் கரும்பலகை இல்லாமலே ஒரு வகுப்பு எடுத்திருப்பார். எடுக்கப்போகிறார் என்றுதான் நானும் நினைத்தேன். மாமா சுவரைவிட்டுத் திரும்பி எழுந்து உட்கார்ந்தார். திருத்துவதற்காகத் திறந்த வாயில் பிரஷ்ஷை வாங்கி வைத்துக்கொண்டார்.