மேலே தக்காளி, கீழே உருளை

ஓய்வுபெற்ற நாலாவது மாதத்தில் என் மனைவி என்னை மறுபடியும் வேலைக்குப் போகச் சொன்னாள். பணத்துக்காக அல்ல, சமையலறைக்காக.

ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் முப்பத்தொரு வருடம் இருந்தவன் நான். அதில் கடைசி ஒன்பது வருடம் பிரிவின் தலைவன். ஒரு பெட்டி போல்ட் வாசலைத் தாண்ட வேண்டுமென்றால் என் கையெழுத்து வேண்டும். அப்படிப்பட்ட ஆளை மூக்கண்டப்பள்ளியில் ஒரு சின்ன வீட்டுக்குள் காலையிலிருந்து சும்மா உட்கார வைத்தால் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது. குக்கரில் மூன்று விசில் வர எத்தனை நிமிடமாகிறது என்று ஒரு வாரம் குறித்துப் பார்த்தேன். ஏழு நாளும் ஏழு விதம். பருப்பு டப்பாக்களில் வாங்கிய தேதியை ஒட்டி, பழையது முன்னால், புதியது பின்னால் என்று அடுக்கினேன். சாம்பார் கொதிக்கும்போது மூடியைத் திறந்து, நிறம் நேற்றைப் போல இல்லையே என்றேன். அதை நான் ஒரு தகவலாகத்தான் சொன்னேன்.

"என்னங்க, எப்பவும் போல எட்டரைக்குக் கெளம்பி அஞ்சரைக்கு வந்தா உங்களுக்கு என்ன கொறஞ்சு போகுது?" என்றாள்.

போவதற்கு இடமும் இருந்தது. தொழிற்பேட்டையில் நட்டு, வாஷர் செய்யும் ஒரு சின்னப் பட்டறையின் முதலாளி, தரச் சான்றிதழுக்கான காகிதங்களை எழுதித் தர ஆள் வேண்டும் என்று இரண்டு முறை போன் செய்திருந்தார். நான் மறுத்துவிட்டேன். ஊருக்கெல்லாம் செயல்முறை எழுதியாயிற்று, இனி எனக்காக ஒன்று எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். என்ன செயல்முறை என்பதுதான் தெரியவில்லை.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையின் மூலையில் கிடைத்தது. உருளைக்கிழங்குச் செடியின் தண்டில் தக்காளிச் செடியை ஒட்டுக் கட்டினால் மண்ணுக்கு மேலே தக்காளியும் கீழே கிழங்கும் ஒரே செடியில் வரும், இரண்டும் ஒரே குடும்பத்துச் செடிகள் என்பதால் ஒட்டிக்கொள்ளும் என்று நாலே வரி. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்திலிருந்த பிரவுசிங் சென்டருக்குப் போய், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணை எழுந்திருக்கும்வரை முறைத்து, அந்த நாற்காலியில் உட்கார்ந்து பதினோரு பக்கம் அச்செடுத்து வந்தேன். அந்தப் பதினோரு பக்கங்களும் ஒன்றோடொன்று சண்டை போட்டன. சண்டையைத் தீர்த்து, ஒன்றரைப் பக்கத்துக்கு ஒரு செயல்முறை எழுதினேன். இன்னும் திருத்தாத முதல் பிரதி என்பதால், மேலே 'திருத்த எண் பூஜ்யம்' என்று போட்டேன்.

ஆயுத பூஜையன்று, மிக்ஸிக்கும் கிரைண்டருக்கும் என் ஸ்கூட்டருக்கும் பொட்டு வைத்து முடித்த கையோடு அவளிடம் பேச்சை எடுத்தேன். போகிப் பண்டிகைக்குள் ஒரே செடியில் இரண்டும் வந்துவிட்டால் நான் வீட்டிலேயே இருப்பேன், வேலைப் பேச்சை அவள் எடுக்கக் கூடாது. வராவிட்டால், பொங்கல் கழிந்த முதல் திங்கட்கிழமை பட்டறைக்குப் போகிறேன்.

"அதுவரைக்கும் கொல்லையிலயே இருப்பீங்களா?"

"இருப்பேன்."

"அடுப்பாங்கரைப் பக்கம் தலை காட்ட மாட்டீங்க?"

"மாட்டேன்."

"அப்பச் சரி. எப்ப ஆரம்பிக்கிறீங்க? இப்பவேவா?"

வெறுமனே 'வந்துவிட்டால்' என்றால் போதாது, அதற்கு அளவு வேண்டும். ஐந்து பழுத்த தக்காளி, மூன்று கிழங்கு, ஒவ்வொரு கிழங்கும் குறைந்தது முப்பது மில்லிமீட்டர் குறுக்களவு என்று எழுதிக் கீழே இரண்டு கோடு போட்டேன். நான் ஒன்றில் கையெழுத்திட்டேன். அவள் படிக்காமலே இன்னொன்றில் இட்டாள். படித்துவிட்டுப் போடு என்றேன். "உங்களோட இத்தன வருஷம் இருந்திருக்கேன். இதுக்கு மேல என்னத்தப் படிக்கணும்?" என்று கிரைண்டரைத் துடைக்கப் போய்விட்டாள்.

விதைக் கிழங்கு பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் தளிப் பக்கம் ஒரு கிராமத்தில் உருளை போடும் குடும்பத்தில் பிறந்தவர். அப்பாவிடம் தெலுங்கு, மனைவியிடம் கன்னடம், எங்களிடம் தமிழ். வேறொரு தொழிற்சாலையில் உற்பத்திப் பிரிவில் ஷிப்டு வேலை. உற்பத்தி ஆட்களுக்கும் சோதனை ஆட்களுக்கும் எந்த ஊரிலும் ஆகாது. அவர்கள் செய்வதை நாங்கள் திருப்பி அனுப்புவோம், நாங்கள் திருப்பி அனுப்பியதை அவர்கள் மறுபடி நைசாகக் கொண்டுவந்து வைப்பார்கள். சுவருக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் நாங்கள் அந்த உறவையே தொடர்ந்தோம்.

"சார், உருளையும் வேணும் தக்காளியும் வேணும்னா ரெண்டு செடியா நட்டுட்டா ஆச்சே சார்?" என்றார், கிழங்குப் பையைச் சுவரின் மேல் வைத்தபடி.

"அதை எல்லாரும் செய்யலாம்."

"ஆமாங் சார், அதான் எல்லாரும் செய்யறாங்க."

பன்னிரண்டு தொட்டிகளில் கிழங்கை ஊன்றினேன். தனியாகத் தக்காளி நாற்று விட்டேன். இரண்டு தண்டும் ஒரே தடிமனுக்கு வர வேண்டும். வெர்னியர் காலிப்பரால் தினமும் அளந்து, ஐந்து மில்லிமீட்டரைத் தொட்டதும் நாள் குறித்தேன். புது சவர பிளேடு, டெட்டால், குழாய் மரையில் சுற்றும் வெள்ளை டேப். உருளைத் தண்டை மண்ணிலிருந்து இரண்டு அங்குலத்தில் வெட்டி, நடுவில் கீறி, தக்காளித் தண்டின் அடியை ஆப்பு போல் சீவி அதில் செருகி, டேப்பைச் சுற்றி, மேலே பாலிதீன் பையைக் கவிழ்த்து, நிழலில் வரிசையாக வைத்தேன்.

முதல் ஷிப்டு முடிந்து வந்த பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்கு மேல் தலையை நீட்டினார். "ஐசியூ மாதிரி இருக்குது சார். விசிட்டிங் ஹவர்ஸ் எப்போ?"

பிறகு தண்டைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. "இன்னா சார், இவ்ளோ கீழ வெட்டிட்டீங்க? உருளைக்கு மண்ணு அணைக்கணும் சார். செடி வளர வளர மண்ண ஏத்திக்கினே போனாத்தான் கெழங்கு எறங்கும். இதுல மண்ணு ஏத்துனா உங்க ஒட்டு உள்ள பூடும்."

"ஒட்டு மண்ணில் படக் கூடாது. பட்டால் தக்காளி தானே வேர் விட்டுவிடும். செயல்முறையில் இருக்கிறது."

"அதான் சார் சொல்றன். நாலு அங்குலம் விட்டு வெட்டியிருந்தீங்கன்னா ரெண்டும் நடந்திருக்கும்."

அவர் சொன்னது சரி. ஆனால் பதினோரு பக்கத்தில் ஏழு பக்கம் இரண்டு அங்குலம் என்றது, நாலு அங்குலம் என்று எதுவும் சொல்லவில்லை. உற்பத்தி ஆள் சுவருக்கு மேலிருந்து சொன்னதற்காக ஒரு செயல்முறையைத் திருத்துகிற பழக்கம் எனக்கு இல்லை.

பத்து நாளில் ஏழு செடி வாடி விழுந்தது. ஐந்து பிழைத்தது. பையை எடுத்த அன்று அந்த ஐந்தும் தக்காளி இலையோடு விறைப்பாக நின்றதைப் பார்த்தபோது, ஓய்வுபெற்ற அன்று மாலை போட்டார்களே, அதைவிட நன்றாக இருந்தது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஈரக் கையோடு வந்து குனிந்து பார்த்தாள். "நெசமாவே புடிச்சிருச்சே" என்றாள். குரலில் கொஞ்சம் கவலை தெரிந்தது.

அதன் பிறகு நான் செய்ததைத் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்த ஒருவன்தான் செய்திருக்க முடியும். தக்காளி பூ விட்டது. அது கண்ணுக்குத் தெரிகிறது. கிழங்கு மண்ணுக்குள். தெரியாத ஒன்றை எப்படி நம்புவது? நாங்கள் ஆயிரம் போல்ட்டுக்குப் பத்தை எடுத்து உடைத்துப் பார்ப்போம். உடைந்த பத்து வீண்தான். மீதியைப் பற்றி நிம்மதி கிடைக்கும். அதே வழக்கப்படி கார்த்திகை பிறந்ததும் ஒரு செடியைப் பிடுங்கி மண்ணை உதறிப் பார்த்தேன். வெள்ளை வேர்கள், நுனியில் குண்டூசித் தலை போலச் சில வீக்கங்கள். முன்னேற்றம் திருப்திகரம் என்று நோட்டில் எழுதினேன். பன்னிரண்டு நாள் கழித்து இரண்டாவது. மிளகு அளவு. இன்னும் பன்னிரண்டு நாளில் மூன்றாவது. நெல்லிக்காயில் பாதி. வளைகோடு வரைந்து பார்த்ததில் போகிக்குள் முப்பத்தைந்து மில்லிமீட்டர் வந்துவிடும் என்று தெரிந்தது. எந்தச் செடியில் வரும் என்பதை மட்டும் நான் யோசிக்கவில்லை. நாலாவது செடி வேர் அழுகி, யாரும் பிடுங்காமல் தானாகவே போய்விட்டது.

ஐந்தாவதின் அருகில் நான் களைக்கொத்தியோடு உட்கார்ந்திருந்தபோது மனைவி துணி காயப்போட வந்தாள்.

"என்ன பண்றீங்க?"

"மாதிரி எடுக்கிறேன்."

"இருக்கறதே ஒண்ணு. அதுல என்னங்க மாதிரி?"

நான் பதில் சொல்வதற்குள் சுவருக்கு மேல் தலை வந்துவிட்டது. "அக்கா, மாசமா இருக்கற பொண்ண வாரா வாரம் வயித்த அறுத்துப் பாக்கறாரு அக்கா. கேட்டா செக்கிங்ன்றாரு."

அவள் என் கையிலிருந்த களைக்கொத்தியை வாங்கிக்கொண்டு போனாள். அதைச் சமையலறையில், நான் போகக் கூடாத இடத்தில் வைத்தாள். பந்தயத்தில் நான் தோற்றால் ஆதாயம் அவளுக்கு. அந்த ஒரு செடியைப் பிடுங்க விட்டிருந்தால் அன்றைக்கே கதை முடிந்திருக்கும். இது எனக்கு அப்போது தோன்றவில்லை. மார்கழிக் குளிரில் அவளே அந்தத் தொட்டியின் மேல் பழைய புடவையைப் போர்த்தியதைப் பார்த்தபோதுதான் தோன்றியது. ஏன் என்று கேட்டேன். "வாயில்லாத ஜீவன் என்ன பண்ணும்? பந்தயம் கட்டினது நாமதான?" என்றாள்.

போகியன்று தெருவெல்லாம் புகை. காலை எட்டு மணிக்குக் கொல்லையில் மூவரும் கூடினோம். பக்கத்து வீட்டுக்காரர் சாட்சி. தானாகவே வந்த சாட்சி. தக்காளியில் சந்தேகமே இல்லை. ஆறு பழம், நன்றாகச் சிவந்து, இன்னும் நாலு காய். பிறகு தொட்டியைக் கவிழ்த்தேன். மண் கட்டியாக வந்தது. நான் உதிர்க்க, அவர் பொறுக்க, அவள் முந்தானையால் துடைத்துத் துவைக்கும் கல்லின் மேல் வைத்தாள்.

மூன்று கிழங்கு. கூடவே சுண்டைக்காய் போல் நாலாவதாக ஒன்று, அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

காலிப்பரை எடுத்தேன். முதலாவது நாற்பத்தொன்று. இரண்டாவது முப்பத்தாறு. மூன்றாவது இருபத்தெட்டு. திருப்பி வைத்து அளந்தேன். இருபத்தெட்டு. மண் ஒட்டியிருந்தால் கூடத்தானே காட்ட வேண்டும், இருந்தும் கழுவி அளந்தேன்.

"ரெண்டு மில்லி சார்" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். அவர் குரல் மாறியிருந்தது. அந்தக் குரலை நான் முப்பத்தொரு வருடம் கேட்டிருக்கிறேன். பெட்டி திரும்பி வரும்போது உற்பத்தி ஆட்கள் பேசும் குரல். "டீவியேஷன் போட்டு விட்டுடலாம் சார். எங்க இன்ஸ்பெக்டர்கிட்ட இதுக்கு மேலயே நான் வாங்கியிருக்கன்."

"அது என்ன டீவியேஷன்?" என்றாள் மனைவி.

"தப்புதான், ஆனா பரவால்ல, இந்த ஒருவாட்டி போவட்டும்னு கையெழுத்துப் போடறது அக்கா."

"ஓ, அதுக்குப் பேரு இருக்கா?" என்றாள். "அதத்தான் இந்த வீட்டுல நான் தெனமும் போட்டுட்டு இருக்கேன்." என் சட்டைப்பையிலிருந்து பேனாவை உருவினாள். "கொண்டாங்க அந்தப் பேப்பர. நான் போடறேன். பாஸ்."

மறுக்காமல் ஒத்துக்கொள்கிறேன், காகிதத்தைக் கொடுக்கக் கை நீண்டது. வீட்டில் இருக்கலாம். எட்டரைக்குக் கிளம்ப வேண்டாம். இரண்டு மில்லிமீட்டர் என்பது ஒரு தீக்குச்சியின் தடிமன். ஆனால் அதைவிட மெல்லிய வித்தியாசத்துக்கு நான் திருப்பி அனுப்பிய பெட்டிகள் இருக்கின்றன. ஒரு தீபாவளிக்கு முந்தின நாள் உற்பத்தி ஆள் ஒருவர், சார், இதை முடித்தால்தான் ஊருக்குப் பஸ் ஏற முடியும் என்று நின்றார். அன்றைக்கும் என்னிடம் இதே காலிப்பர்தான் இருந்தது. அவர் மறுநாள் மத்தியானம்தான் ஊருக்குப் போனார். இந்தக் கிழங்கை இப்போது விட்டுவிட்டால் அவரை ஏன் நிறுத்தினேன் என்று நான் யாரிடமாவது சொல்லியாக வேண்டும்.

பேனாவை அவளிடமிருந்து வாங்கி, 'நிராகரிக்கப்பட்டது' என்று எழுதித் தேதி போட்டேன். காரணம் என்ற இடத்தில், 'ஒட்டின் உயரம் போதவில்லை. மண் அணைக்க இடமில்லை. நாலு அங்குலம் விட வேண்டும்' என்று எழுதினேன்.

பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் படித்தார். "சார்! நான் சொன்னத எழுதிட்டீங்க!" வாழ்நாளில் ஒரு சோதனை ஆள் தன் பேச்சைக் காகிதத்தில் ஏற்றியது அதுதான் முதல் தடவை போலிருக்கிறது. எனக்காக வருத்தப்பட வந்தவர், அதை மறந்து, அந்தக் காகிதத்தை ஜெராக்ஸ் எடுத்துத் தர முடியுமா என்று கேட்டார்.

மனைவி கிழங்குகளையும் பழங்களையும் மடியில் வாரிக்கொண்டு எழுந்தாள். அவள் முகத்தில் ஏமாற்றமா, நிம்மதியா என்று பார்த்தேன். வாசற்படியில் நின்று திரும்பினாள்.

"திங்கக்கெழமைதான? டிபன் பாக்ஸ் மேல பரண்ல கெடக்கு. இன்னைக்கே எறக்கிக் குடுத்துருங்க, வெளக்கி வைக்கிறேன்."

கேள்வி வந்த வேகம்தான் என்னை யோசிக்க வைத்தது. பாஸ் போடுகிறேன் என்றது என்னை வீட்டில் வைத்துக்கொள்ளவா, இல்லை, எவ்வளவு சொன்னாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்று நிச்சயமாகத் தெரிந்ததாலா? அவளிடமே கேட்டிருக்கலாம். ஸ்டூலைப் போட்டு ஏறி, பரணிலிருந்து டிபன் பாக்ஸை இறக்கிக் கொடுத்தேன்.