குத்தாலத்துச் சரிசமக் கூட்டு

குத்தாலம் கடைத்தெருவில் பாத்திமா மேரிக்குத் தையல்கடை. ஆனால் மகளிர் கடன் சங்கத்துத் தலைவி என்றால்தான் ஊருக்குத் தெரியும். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகும் பெண்கள் சிறுகச் சிறுகச் சேர்த்து, ஆடு வாங்கவும் இட்லிக்கடை போடவும் தங்களுக்குள்ளேயே கடன் கொடுத்துக்கொண்ட சங்கம் அது.

ஏழைப் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் திருச்சி அறக்கட்டளை ஒன்று, அந்தச் சங்கத்தோடு சேர்ந்து வேலைசெய்ய விரும்பியது. அதன் செயலாளர் இளம்பரிதி ஒப்பந்தத்தோடு வந்து வாசித்துக் காட்டினார். ‘அறக்கட்டளையின் வழிகாட்டுதலின் கீழ்’ என்ற வரி வந்ததும் பாத்திமா மேரி கையை உயர்த்தி நிறுத்தினார்.

“கூட்டுன்னு சொல்லித்தானே தம்பி வந்தீங்க? இங்க ‘கீழ்’னு போட்டிருக்கே?”

“அது வழக்கமா போடுறதுங்க. பணம் நாங்கதானே கொடுக்குறோம்?”

“படிப்புச் செலவு உங்களோடது, சரி. அந்தப் புள்ளைய வேலைக்கு அனுப்பாம வீட்டுல அடுப்பெரிய வைக்கிறது எங்க பொம்பளைங்க. முடிவெடுக்க ரெண்டு பக்கத்துக்கும் சமமா ஓட்டு வைங்க, கையெழுத்துப் போடுறேன்.”

இளம்பரிதி முகம் சுண்டிப்போய்க் கிளம்பிவிட்டார். “நம்ம புள்ளைங்க படிப்புல மண்ணள்ளிப் போட்டுட்டீங்களேக்கா!” என்று சங்கத்துப் பெண்கள் பொருமினார்கள். பாத்திமா மேரிக்கும் அந்தப் பயம் இருந்தது.

சம்பா அறுவடை முடிவதற்குள் இளம்பரிதி திரும்பி வந்தார். “நீங்க கேட்டது நியாயம்னு எங்க பக்கமும் ஒத்துக்கிட்டாங்க,” என்று ஒப்பந்தத்தை நீட்டினார். அந்த வரி போயிருந்தது. முடிவெடுக்கும் குழுவில் இரு தரப்பிலும் சம எண்ணிக்கையில் ஆட்கள்; கூட்டம் ஒருமுறை குத்தாலத்தில், மறுமுறை திருச்சியில்.

முதல் கூட்டத்திலேயே சோதனை வந்தது, அதுவும் பாத்திமா மேரிக்கு.

நடவு வேலை பார்க்கும் பூவிழியின் மகள் குந்தவைக்குத் தஞ்சாவூரில் நர்சிங் படிக்க இடம் கிடைத்திருந்தது. கட்டணத்தை அறக்கட்டளை ஏற்றுக்கொண்டது. ஆனால் மகளும் சம்பாதித்தால்தான் அந்த வீடு ஓடும். அதற்கு மாற்றாகக் கறவை மாடு வாங்கப் பூவிழி கேட்ட கடனைச் சங்கம் மறுத்திருந்தது. விட்டுப்போன கணவனுக்காக அவள் வாங்கிய பழைய கடன் அடைபடவில்லை. பாக்கி உள்ள வீட்டுக்குப் புதுக்கடன் கிடையாது என்பது பாத்திமா மேரி போட்ட விதி.

“அக்கா, கடன் விஷயத்துல நான் ஒண்ணு சொல்லலாமா?” என்றார் இளம்பரிதி.

“சொல்லுங்க.”

“அந்தாளு செஞ்சதுக்கு இந்தப் பொண்ணு ஏன் படிப்பை விடணும்?”

பாத்திமா மேரிக்குச் சுருக்கென்றது. சங்கத்தை மூழ்காமல் காத்ததே அந்த விதிதான். கடன் பேரேட்டைப் புரட்டிப் பூவிழியின் பக்கத்தைப் பார்த்தார்.

“விதியைத் தூக்க முடியாது தம்பி,” என்றார் கடைசியில். “ஆனா விட்டுட்டுப் போனவன் பாக்கிக்காக அந்தப் பொம்பளைக்குக் கதவைச் சாத்த வேணாம். திருத்திக்கலாம்.” ஓட்டெடுப்பில் முதலில் உயர்ந்தது அவர் கைதான்.

மாடு வந்தது. பூவிழி பால் ஊற்றியே புதுக்கடனையும் பழைய பாக்கியையும் அடைத்தாள். குந்தவை படித்து முடித்தாள்.

பட்டமளிப்பு நாளில் பெற்றோரைப் புகைப்படத்துக்கு அழைத்தபோது, பூவிழி ஒரு கையில் பாத்திமா மேரியையும் மறு கையில் இளம்பரிதியையும் இழுத்துக்கொண்டு மேடையேறினாள். அந்தப் படத்தில் மற்ற மூவரையும்விட நெஞ்சு நிமிர்த்தி நிற்பது குந்தவை. அவளுக்குப் பக்கத்தில் பாத்திமா மேரி, சொந்தக்காரர் கல்யாணத்துக்கு மட்டும் எடுத்துக் கட்டும் அரக்குப் பட்டில், கண் கலங்கச் சிரித்துக்கொண்டிருக்கிறார்.