மந்திரித்த கிட்டாரின் பிக்கப்

என்னைக் கேட்காமல் மாற்றிவிட்டார்கள். எல்லாம் முடிந்து மாதங்கள் ஆன பிறகும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான்.

காக்ஸ் டவுனில் எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் ஞாயிறு காலைத் தமிழ்ப் பூசைக்கு நான் எலெக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிறேன். மற்ற நாட்களில் கார்களுக்கு சீட் கவர் தைக்கிற வேலை. படிப்பு நாலாவதோடு நின்றுவிட்டது. ஆட்களோடு பேசவும் எனக்கு வராது. பாடகர் குழுவில் எல்லோரும் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போது நான் குனிந்து கம்பிகளைத் துடைத்துக்கொண்டிருப்பேன். ஆனால் கிட்டார் என்னுடையது. என் சம்பாத்தியத்தில் வாங்கியது.

போன வருடம் வாத்தியங்களை மந்திரிக்கிற ஞாயிறு வந்தது. கீபோர்டு, தபேலா எல்லாவற்றையும் பீடத்துக்கு முன்னால் வைப்பார்கள். சாமியார் ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளிப்பார். என் கிட்டாரையும் வைக்கச் சொன்னார்கள், வைத்தேன். எங்கள் கோயிலில் அப்படி மந்திரித்த சாமானைத் திரும்ப வீட்டுக்கு எடுத்துப் போவதில்லை. பாடகர் குழு நிற்கும் மாடத்திலேயே ஒரு அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். எனக்கும் அது வசதியாகப் பட்டது. பஸ்ஸில் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம் பாருங்கள். அங்கேதான் ஏமாந்தேன்.

எலெக்ட்ரிக் கிட்டாரில் கம்பிகளுக்கு அடியில் பிக்கப் என்று ஒன்று இருக்கும். காந்தத்தைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பியைச் சுருட்டி வைத்திருப்பார்கள். கம்பி அதிர்வதை அதுதான் வாங்கி, சத்தத்தைப் பெருக்குகிற ஆம்புக்கு அனுப்புகிறது. என்னுடையது ஒற்றைச் சுருள் பிக்கப். அதில் எப்போதும் அடியில் ஓர் இரைச்சல் ஓடும். நான் இல்லை என்று சொல்லவில்லை. அதனால்தான் சாமியார் அப்பத்தை உயர்த்திக் காட்டுகிற எழுந்தேற்ற நேரத்தில் வால்யூமை முழுக்கக் குறைத்துவிடுவேன். ஆனால் அந்த பிக்கப்பில் மெல்லத் தொட்டால் மெல்லக் கேட்கும். பாடுகிறவர்களின் குரலுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். நான் அங்கே இருப்பது யாருக்கும் தெரியாது, ஆனால் நான் நிறுத்தினால் பாட்டு காலியாகிவிடும். அப்படி ஓர் இடம் எனக்கு வேறு எங்கேயும் கிடைத்ததில்லை.

ஒரு சனிக்கிழமை ஒத்திகைக்குப் போய் ஆம்பில் சொருகினேன். இரைச்சல் இல்லை. சுரங்கள் சேர்ந்த ஒரு கார்டு பிடித்துத் தொட்டேன். மாடம் முழுக்க அடைத்துக்கொண்டு வந்தது. மெல்லத் தொட்டேன், அப்போதும் அதே மாதிரி தடித்த சத்தம். நான் வாசிப்பது போலவே இல்லை, யாரோ என் கையைப் பிடித்து முன்னால் இழுத்து நிறுத்துவது போல இருந்தது.

எங்கள் மாஸ்டர், அதாவது பாடகர் குழுவை நடத்துகிறவர், சிரித்துக்கொண்டே வந்தார். இரண்டு சுருள் வைத்த புது பிக்கப்பைப் போட்டிருப்பதாகச் சொன்னார். திருவிழாவுக்கு முன்னால் இரைச்சலை ஒழிக்க வேண்டும் என்று முடிவு செய்தார்களாம். அந்த முடிவு எடுத்தபோது நான் எங்கே இருந்தேன் என்று தெரியவில்லை.

பழைய சத்தத்தை ஒரு ஒத்திகையில் ஏற்கெனவே போனில் பதிந்து வைத்திருந்தார். இப்போது அதே பாட்டை என்னை வாசிக்கச் சொல்லிப் பதிந்தார். இரண்டையும் ஒரு சின்ன ஸ்பீக்கரில் போட்டு, எது நன்றாக இருக்கிறது என்று எல்லோரையும் கேட்டார். எல்லோரும் இரண்டாவதைத்தான் சொன்னார்கள். என்னை மட்டும் கேட்கவில்லை. உள்ளங்கை அளவு ஸ்பீக்கரில் இரைச்சல் கேட்கும், விரல் தொட்ட விதம் தெரியுமா?

முன்வரிசையில் பாடுகிற அக்கா சொன்னார்: "ஆளுதான் வாயத் தொறக்க மாட்டாரு. இப்பத்தான் கிட்டாராவது தொறந்து பேசுது."

எல்லோரும் சிரித்தார்கள். கோபம் வந்தால் எனக்குப் பேச்சு வராது, காது சுடும். பழைய பிக்கப் எங்கே என்று மட்டும் மாஸ்டரைக் கேட்டேன்.

"அது கடையிலயே உட்டுட்டேன்பா. சும்னே ஏன் தல கெடுத்துக்கற?"

திங்கட்கிழமை வேலைக்குப் போகவில்லை. கோயில் சாவிகளை வைத்திருக்கும் கோயில்பிள்ளையிடம் அலமாரிச் சாவி வேண்டும் என்று நின்றேன். எதற்கு, யாரிடம் சொன்னாய் என்று விசாரித்துவிட்டுத்தான் கொடுத்தார். என் கிட்டாரை நான் எடுக்க இத்தனை கேள்வி. அதைத் திறந்து உள்ளே கை வைத்தவரை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

சிவாஜிநகரில் அந்த ரிப்பேர் கடையைத் தேடிப் பிடித்தேன். கடைக்கார பாய் ஒரு பிஸ்கட் டப்பாவை என் முன்னால் கவிழ்த்தார். கழற்றிய பிக்கப்புகள், எல்லாம் ஒரே அளவு, ஒரே கறுப்பு. என்னுடையதை நான் வெளியே எடுத்துப் பார்த்ததே இல்லை.

"எல்லாம் ஒண்ணுதான்பா, ஏதாச்சும் ஒண்ண எடுத்துக்கோ," என்றார்.

ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே கம்பிகளைத் தளர்த்திச் சூடு வைத்து ஒட்டினார். முதலில் போட்டது தகரத்தைத் தட்டுவது போல ஒல்லியாகக் கேட்டது. அடுத்தது ஏறக்குறைய என்னுடையது மாதிரியே இருந்தது. பாய் இதுதான் என்று முடிவே கட்டிவிட்டார். நானும் ஒரு நிமிடம் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் கட்டை விரலின் ஓரத்தால் மெல்லத் தடவியபோது சத்தம் சேறு மாதிரி கலங்கியது. வேண்டாம் என்றேன். பாய்க்கு எரிச்சல். இன்னொன்றைப் போட்டார். ஆம்பைத் திறந்ததும் இரைச்சல் வந்தது. மெல்லத் தொட்டேன். ஆறு கம்பியும் தனித்தனியாக, தாழ்ந்து, என் விரல் போன அளவுக்கு மட்டும் கேட்டது.

சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இது பிஸ்கட் டப்பாவில் கிடந்ததே என்ற ஆத்திரம்தான் வந்தது.

அடுத்த ஞாயிறு பூசைக்கு அதோடுதான் வாசித்தேன். இரைச்சல் கேட்டதும் மாஸ்டர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். பூசை முடிந்ததும் அவருடைய புது பிக்கப்பைக் காகிதத்தில் சுற்றி அவர் கையில் கொடுத்தேன். கிட்டாரை உறையில் போட்டேன்.

"இத எங்க எடுத்துனு போற?"

"வூட்டுக்கு."

"மந்திரிச்ச சாமான்பா அது. கோயில்லதான் இருக்கணும்."

காது சுட்டது. ஆனால் அன்றைக்குப் பேச்சும் வந்தது.

"எனக்குந்தான் தீர்த்தம் தெளிச்சாங்க மாஸ்டர். நான் வூட்டுக்குப் போகலயா?"

யாரும் சிரிக்கவில்லை. கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு மாடத்துப் படியில் இறங்கினேன்.

இப்போது ஒவ்வொரு ஞாயிறும் கிட்டாரை பஸ்ஸில் முழங்காலுக்கு நடுவே நிறுத்திக்கொண்டு போய் வருகிறேன். மாஸ்டர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. வாசிக்க வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை. அவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், சரி மாஸ்டர், போடுங்கள் என்று நானே தலையாட்டியிருப்பேன். என் குணம் அப்படி. அது அவருக்கும் நன்றாகத் தெரியும். தெரிந்திருந்தும் அந்த ஒரு வார்த்தையைக் கேட்கத் தோன்றவில்லையே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.