நொடிக்குப் பன்னிரண்டு படம்

என் கணவர் இருபத்தெட்டு வருடம் தபால்காரராக இருந்தவர். அலுவலகத்தில் அவருக்கு வைத்த பெயர் எக்ஸ்பிரஸ். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவர் என்று தெருவில் சொல்வார்கள். சைக்கிள் கொடுத்தபோதுகூட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, முந்நூற்றுச் சொச்சம் வீடுகளுக்கும் நடந்தே கடிதம் போட்டார். கல்யாணமான புதிதில் கடைத்தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போனால், நான் பத்தடி பின்னால் மூச்சு வாங்க ஓடிக்கொண்டிருப்பேன். பெண்டாட்டியோடு வந்திருக்கிறோம் என்ற நினைப்பே மனுஷனுக்கு இருக்காது. கத்தினால் திரும்பி நின்று சிரிப்பார், நான் எட்டிப் பிடித்ததும் மறுபடி கிளம்பிவிடுவார். அதற்காக எத்தனை நாள் பேசாமல் இருந்திருக்கிறேன் என்று நினைத்தால் இப்போது என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

ஆறு வருடத்துக்கு முன்னால் அவருடைய வலது கட்டைவிரல் தானாக ஆடத் தொடங்கியது. கடிதங்களைப் பிரிக்கும்போது கையில் உறை சலசலக்கிறது என்று பக்கத்து மேஜைக்காரர்தான் முதலில் சொன்னாராம். பிறகு கை, பிறகு கால். டாக்டர் நடுக்குவாதம் என்றார். பெயர்தான் நடுக்கம். இவரை ஒடித்துப் போட்டது நடுக்கம் இல்லை, வேகம் போனதுதான். ஒரு சட்டைப் பொத்தானுக்கு ஐந்து நிமிடம் ஆகும். வாசற்படி வந்தால் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். குரல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கே எட்டாது. முகமும் இறுகிப் போனது. சிரிக்கிறாரா, கோபமா என்று கண்ணைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஓய்வு பெறும் வயது வருவதற்கு நான்கு வருடம் முன்பே வேலையை விட்டுவிட்டார்.

ஒரு நாள் நானே போய் ரொட்டி வாங்கி வருகிறேன் என்று பிடிவாதமாகக் கிளம்பி, தெருமுனையில் விழுந்தார். தூக்கிவிட வந்த ஒருத்தன், பட்டப்பகலிலேயே குடித்திருக்கிறான் என்றான். இன்னொருவர் அடையாளம் கண்டுகொண்டு, ஐயோ பாவம், நம்ம தபால்காரர் என்றார். குடிகாரன் என்றதுகூட இவருக்கு வலிக்கவில்லை, அந்த ஐயோ பாவம்தான் தைத்துவிட்டது. அதற்குப் பிறகு இரண்டு வருடம் வெளியே தலைகாட்டவில்லை.

எனக்குப் பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கும் வேலை. உட்காருங்க, கூப்பிடுவாங்க, அவசரப்படாதீங்க என்று நாள் முழுக்க மனிதர்களை அடக்கி அடக்கி, வீட்டிலும் எல்லோரையும் அப்படியே நடத்துகிறேன் என்று மகள் குற்றம் சொல்வாள். பொய்யில்லை.

அந்த மகள் சினிமாக் கல்லூரியில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். தேர்வுக்கு ஒரு படம் எடுக்க வேண்டும். மூன்று நிமிடம், கறுப்பு வெள்ளை, வசனமே கிடையாது, பழைய காலத்துப் பேசாத சிரிப்புப் படங்களின் பாணியில் இருக்க வேண்டும். ஹாலில் எல்லோருக்கும் போட்டுக் காட்டுவார்களாம். ஹால் சிரித்தால் பாஸ். கேட்க விளையாட்டுப்போல இருந்தது, ஆனால் அவள் சோறு தண்ணீர் இறங்காமல் அலைந்தாள்.

அந்தப் படங்களில் எல்லோரும் ஏன் தடதடவென்று ஓடுகிறார்கள் என்று ஒரு நாள் சாப்பிடும்போது அவளிடம் கேட்டேன். குறைவாகப் படம் பிடித்து வேகமாக ஓட்டுவதுதான் சூட்சுமம் என்றாள். நொடிக்குப் பன்னிரண்டு படம் எடுத்து, அதையே இருபத்துநான்காக ஓட்டினால், நடக்கிறவன் ஓடுவான், ஓடுகிறவன் பறப்பான். சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்திவிட்டு அப்பாவைப் பார்த்தாள். அவர் கையிலிருந்த டம்ளர் மேஜையிலிருந்து வாய்க்குப் போய்க்கொண்டிருந்தது. போய்ச் சேரவில்லை.

"அப்பா, நீங்க நடிக்கிறீங்களா?" என்று கேட்டாள்.

கதையை அங்கேயே சொல்லிவிட்டாள். ஒரு தபால்காரர் தோளில் ஆள் நீளத்துக்கு ஒரு பார்சலைத் தூக்கிக்கொண்டு போகிறார். அவர் திரும்பும்போதெல்லாம் பார்சல் பட்டு யாருடைய தொப்பியாவது விழுகிறது. தொப்பி போனவர்கள் எல்லாம் கூட்டமாகச் சேர்ந்து துரத்துகிறார்கள். ஒருவர் மேல் ஒருவர் இடறி விழுகிறார்களே தவிர, அவரைப் பிடிக்க முடிவதில்லை. அவருக்கு இது எதுவுமே தெரியாது. இவருடைய அந்த அசையாத முகம்தான் படத்துக்கே முதல் என்றாள்.

நான் ஒரே அடியாக முடியாது என்றேன். சும்மாவே நாலு பேர் நாலு விதமாகப் பார்க்கிறார்கள், இதில் திரை கட்டி வேறு காட்ட வேண்டுமா, பெற்ற அப்பனை வைத்து ஊரைச் சிரிக்க வைக்கிற பிள்ளையை இப்போதுதான் பார்க்கிறேன் என்று கத்தினேன். மகள் அழ ஆரம்பித்துவிட்டாள். இவர் கையைத் தூக்கினார். அவர் பேசப் போகிறார் என்றால் நாங்கள் இரண்டு பேரும் வாயை மூடிக் குனிய வேண்டும்.

"எல்லாரும் பாவம்னு பார்க்கிறாங்க. ஒரு தடவை சிரிக்கட்டுமே. நான் சிரிக்க வெச்சு சிரிக்கட்டும்" என்றார். பிறகு, "பேசுறது கேக்கலைன்னா என்ன, பேசாத படம்தானே" என்றார்.

நானே போய்த் திரைச்சீலைக் கம்பியைக் கழற்றிக் கொடுத்தேன்.

மூன்று வாரம் வீடு ரகளைப்பட்டது. திரைச்சீலைக் கம்பியில் காகிதத்தைச் சுற்றிப் பார்சலாக்கி, கூடத்தில் நடந்து பழகினார். என் இரண்டு பீங்கான் தட்டும் ஒரு கடிகாரமும் போய்ச் சேர்ந்தன. எங்கே திரும்பினால் தொப்பி விழும், எங்கே ஒரு நொடி நின்றால் நன்றாக இருக்கும் என்று ஒரு நோட்டில் குறித்தார். அவர் கையெழுத்து எறும்பு அளவுக்குச் சுருங்கிவிட்டது, அதைப் படிக்க மகள் ஒரு பூதக்கண்ணாடி வாங்கி வந்தாள். இரண்டு வருடத்துக்குப் பிறகு, காலையில் எனக்கு முன்னால் எழுந்து என்னை எழுப்புகிற மனிதராக அவரை மறுபடி பார்த்தேன். சந்தோஷமாக இருந்தது, பயமாகவும் இருந்தது.

படம் எடுத்தது கல்லூரிக்குப் பின்னால் இருக்கும் தெருவில், காலை ஒன்பது மணிக்கு. மாத்திரை போட்டு முக்கால் மணி கழித்து உடம்பு சொன்னபடி கேட்கும். அதற்குப் பிறகு ஒன்றரை மணி நேரம்தான். தரையில் கோடு கிழித்தால் அதைத் தாண்டித் தாண்டி அவரால் நிற்காமல் நடக்க முடியும் என்று வீட்டிலேயே தெரிந்துகொண்டிருந்தோம். மகள் தெரு நீளத்துக்கும் ஓர் அடிக்கு ஒரு கோடாகச் சாக்பீஸால் போட்டிருந்தாள். விழுந்தால் பிடிக்க வேண்டுமே என்று, கேமராவில் படாமல் அவர் பக்கத்திலேயே நடப்பது என்று தீர்மானித்தாள். அதனால் படம் எடுக்கும்போது அவள் கண் அப்பாவின் காலை விட்டு நகரவே இல்லை. கேமராவை அவளுடைய தோழி பார்த்துக்கொண்டாள்.

முதல் தடவை பாதியில் கால் ஒட்டிக்கொண்டது. இரண்டாவது தடவை நன்றாகத்தான் போனது, ஆனால் துரத்தி வந்த ஏழெட்டுப் பிள்ளைகளும் அவரைச் சுற்றித் திபுதிபுவென்று ஓடியதில் ஒரு பையனின் தோள் உரசி இவர் தடுமாறினார். மகள் பிடித்துக்கொண்டாள். அவ்வளவு வேகமான கால்களுக்கு நடுவில் அவரைப் பார்க்கவே சகிக்கவில்லை. ஒரு காலத்தில் நான் பின்னால் ஓடிய மனிதர் அவர்.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. நான் அதைத்தான் செய்தேன். மகள் அப்பாவுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தபோது நேரே அந்தப் பிள்ளைகளிடம் போனேன்.

"நீங்க இப்படி ஓடினா அவர் ரொம்ப மோசமா தெரிவார். அவர் எப்படி நடக்கிறாரோ அப்படியே மெதுவா நடங்க" என்றேன்.

கூட்டத்தில் நெட்டை என்று கூப்பிடப்பட்ட பையன், "இல்ல ஆன்ட்டி, ஓடணும்னுதான்..." என்று இழுத்தான். டோக்கன் கொடுக்கும் குரலில், சொன்னதைச் செய்யுங்க என்றேன். நல்ல பிள்ளைகள். அவர்களுக்கும் இவரை இடித்துவிடுவோமோ என்று உள்ளுக்குள் உதறல் இருந்திருக்கிறது. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. மூன்றாவது தடவை எல்லோரும் அவரைப் போலவே அடிமேல் அடி வைத்து வந்தார்கள். நெட்டை இடறி விழுந்ததுகூட, படுக்கையில் சாய்வது போல மெல்லத்தான். இவர் கடைசிக் கோடு வரை ஒரு தப்பும் இல்லாமல் நடந்து முடித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். அதிகமாகத் தட்டியது நான்தான்.

நான்காம் நாள் ஹாலில் போட்டார்கள். இவருக்குப் பழைய கோட்டு மாட்டி, முன்னாலிருந்து மூன்றாவது வரிசையில் உட்கார வைத்தோம். மகள் பேருந்திலேயே சரியாகப் பேசவில்லை. பயம் என்று நினைத்தேன். இவர் படத்துக்கு முன்னால் ஐந்து படம். ஹால் சிரித்துச் சிரித்து ஓய்ந்தது. ஒவ்வொரு சிரிப்புக்கும் இவர் திரையை விட்டுவிட்டுப் பின்னால் திரும்பி, சிரிக்கிறவர்களைப் பார்க்க முயன்றுகொண்டிருந்தார்.

ஆறாவதாக இவர் வந்தார். அதே தெரு, கறுப்பு வெள்ளையில். ஒரு தபால்காரர் தோளில் நீளப் பார்சலோடு நடந்து போனார். விறுவிறுவென்று, கையை வீசிக்கொண்டு, எனக்காக நிற்காமல். என் கணவர். அவரை அப்படிப் பார்த்து ஆறு வருடம் ஆகியிருந்தது. அவருக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் சாதாரணமாக நடந்து வந்தார்கள். யாருக்கோ தொப்பி விழுந்தது, யாரோ இடறி எழுந்தார்கள். எந்தத் தெருவிலும் நடப்பது. தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போகும் ஒரு தபால்காரரைப் பார்த்துச் சிரிக்க என்ன இருக்கிறது?

ஹாலில் ஒரு சத்தமும் இல்லை.

அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. இரட்டை வேகத்தில் ஓட்டியதில், மெல்ல நடந்தவர்கள் எல்லோரும் சாதாரணமாக நடப்பவர்கள் ஆகிவிட்டார்கள். அவர்கள் ஓடியிருந்தால் எறும்புக் கூட்டம் போல விழுந்தடித்துப் பறந்திருப்பார்கள். அதன் நடுவில் இவர் மட்டும் நிதானமாக நடந்து போயிருப்பார். மகள் நினைத்திருந்த சிரிப்பு அதுதான். இவரைப் பார்த்து யாரும் சிரித்துவிடக் கூடாதே என்று நான் அடித்துக்கொண்டேன். இப்போது யாராவது ஒருத்தர் சிரித்துவிட மாட்டார்களா என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன். அடுத்த தொப்பி விழுந்தபோது நானே சத்தமாகச் சிரித்தேன். அந்தப் பெரிய ஹாலில் நான் ஒருத்திதான். யாரும் கூடச் சேரவில்லை.

இவர் என் பக்கம் குனிந்தார். "நீ சும்மா சிரிக்கிற" என்றார்.

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தோம். எங்கே தப்பு செய்தேன் என்று மகளைக் கேட்டார். நோட்டில் எழுதியிருந்த இடங்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, இங்கேயா, இங்கேயா என்று கேட்டார். அவள் அவருடைய கோட்டுப் பொத்தானைச் சரிசெய்துகொண்டிருந்தாள். எடிட் செய்யும்போதே அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, நெட்டையும் நடந்ததைச் சொல்லிவிட்டான். ஆனால் திரும்ப எடுக்க நாள் இல்லை. அதோடு, அப்பா நடப்பதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டேன் என்று பிறகு என்னிடம் சொன்னாள். அம்மாவைக் காட்டிக் கொடுக்கவும் அவளுக்கு மனம் வரவில்லை.

நானே சொன்னேன். மெதுவாக நடக்கச் சொன்னது நான்தான் என்றேன். மனிதர் நாலு வார்த்தை திட்டினால் தேவலை என்றிருந்தது. அவர் என்னைப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கண் மட்டும் நிறைந்திருந்தது.

"அப்போ நான் பண்ணதுல தப்பு இல்ல" என்றார்.

இல்லவே இல்லை என்றோம் இரண்டு பேரும்.

"அடுத்த தடவை எடுக்கும்போது நீ வராத. வீட்லயே இரு" என்றார்.

அடுத்த பருவத்தில் மறுபடி எடுத்துக் காட்டலாம் என்று கல்லூரியில் அனுமதி கொடுத்தார்கள். மகள் நாள்கூடக் குறித்துவிட்டாள். அதற்குள் ஒன்றரை மணி நேரம் கேட்ட மாத்திரை அரை மணி கேட்டது, பிறகு கால் மணி. சாக்பீஸ் கோட்டைத் தாண்டவும் கால் மறுத்தது. மகள் நெட்டையை வைத்து வேறு படம் எடுத்து பாஸ் செய்தாள். ஹால் விழுந்து விழுந்து சிரித்ததாம். நான் போகவில்லை.

இப்போது அவர் நாற்காலியை விட்டு எழுவதில்லை. பார்க்க வருகிறவர்கள் அந்தப் படத்தைக் கேட்கிறார்கள், நானும் போட்டுக் காட்டுகிறேன். அப்படியே பழைய மாதிரி நடக்கிறாரே என்று கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். அவர் திரையைப் பார்ப்பதில்லை. முதலிலிருந்து கடைசி வரை அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். இதுவரை ஒருவரும் சிரிக்கவில்லை.