சரியாகிவிட்டது, நன்றி

"டப்பாவுல லினக்ஸ்னு போட்டிருக்கு அண்ணே."

"டப்பாவுல என்னத்தையும் போடுவாய்ங்க. உள்ள என்ன சிப்புன்னு கேட்டியா?"

"கேக்கல."

"கல்யாண மண்டபத்துல பேரு ஊரு கேக்காமச் சோறு போடுவாய்ங்க பிருந்தா. லினக்ஸ் போடாது. எந்தச் சிப்புன்னு தெரிஞ்சாத்தான் அதுக்கு டிரைவர் தேட முடியும்."

"மாத்திட்டு வரவா?"

"பிரிச்ச டப்பாவ எவன் மாத்துவான்? சிம்மக்கல்லு எனக்குத் தெரியாதா? செருகு, பாப்போம்."

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் நடந்த பேச்சு அது. பிருந்தா மாடியில் வாடகைக்கு இருந்தாள், வெங்கடேஷ்பாபு கீழ்வீட்டுக்காரர். சிம்மக்கல்லில் பதினாறு வருடம் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். ரிங் ரோட்டில் ஒரு லாரி இடித்துப் போட்ட பிறகு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் பின்னால் இருந்த வீட்டில், கட்டிலில் கிடந்தபடியே ஒரு கம்பெனிக்கு வேலை செய்தார். வாடிக்கையாளர்கள் எழுதிக் கேட்பதற்கு எழுதிப் பதில் சொல்ல வேண்டும். விசாரிக்க வந்தவர்களிடம் அவர் மனைவி சூடாமணி, "உள்ள வேலை பாக்குறாரு" என்பாள். அதைச் சொல்லும்போது அவள் குரல் கொஞ்சம் உயரும். அது அவர் காதில் விழும்.

விண்டோஸைத் தாங்காத கிழட்டு லேப்டாப் அவருடையது, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸில் ஓடிக்கொண்டிருந்தது. வியாழனன்று அதன் வைஃபை கார்டு செத்தது. கேபிள் செருகும் இடம் முன்பே உடைந்திருந்தது. செல்போன் வழியாக இணைத்தால் கம்பெனிப் பக்கம் உள்ளே விடவில்லை, பதிந்துவைத்த வீட்டு இணைப்பை மட்டும்தான் அது ஏற்கும். திங்கள் காலை ஒன்பதுக்குள் வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்று செய்தி வந்தது. அதனால்தான் பிருந்தா, வெளியிலிருந்து செருகும் அந்தச் சின்ன வைஃபை கருவியை வாங்கிவந்தாள்.

செருகினால் விளக்கு எரியவில்லை. முதுகுப் புண்ணுக்காகக் குப்புறப் படுத்திருந்த வெங்கடேஷ்பாபுவுக்குத் திரை தெரியாது. பிருந்தா தரையில் உட்கார்ந்து, அவர் சொன்ன கட்டளையைத் தட்டி, கருவி காட்டிய எண்ணை வாசித்தாள். அந்த எண்ணைச் செல்போனில் தேடியதில் ஒரே ஒரு பக்கம் அகப்பட்டது. ஏழு வருடத்துக்கு முன்பு யாரோ ஒருவன், இதே எண், இதே கோளாறு என்று கேட்டிருந்தான். கருவியை இயக்கும் மென்பொருளாகப் பலர் பல டிரைவர்களைச் சொல்லியிருந்தார்கள். கடைசியில் அவனே எழுதியிருந்தான்: சரியாகிவிட்டது, நன்றி.

"எப்படின்னு போட்டிருக்கானா?"

"இல்ல அண்ணே."

"கீழ பாரு."

"அம்புட்டுத்தான்."

அவர் தலையணைக்குள் சிரித்தார். "பாவி. அவன் பொழப்பு நடந்துருச்சு, போயிட்டான்."

சனி முழுக்க அந்தப் பக்கத்தில் சொன்ன டிரைவர்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார்கள். திரை நிறையப் பிழைகள் வந்தன. பிருந்தா எழுத்துப் பிசகாமல் வாசித்தாள். நான்காவதைப் போட்டதும் லேப்டாப்பே எழுந்திருக்கவில்லை. அதை மீட்பதற்குள் ஞாயிறு போயிற்று.

"நீயாவது வந்து சாப்பிடு பிருந்தா," என்றாள் சூடாமணி. "அவருக்குக் காலுதான் போச்சு, பிடிவாதம் போகல."

திங்கள் ஒன்பது மணியும் கடந்தது. பதினோரு மணிக்குப் பிருந்தா கருவியைப் பிடுங்கி மறுபடி செருகினாள். வழக்கம்போலத் திரை மூலையில் சிடித் தட்டு மாதிரி ஒரு குட்டிப் படம் முளைத்தது. வழக்கம்போல அதை மூடப் போனாள். கேட்டால் மட்டுமே பேசுகிறவள், அன்று என்னவோ தோன்றிச் சொன்னாள்.

"அண்ணே, இதச் செருகுனா ஒரு சிடி படம் வருது."

"எப்பருந்து?"

"வெள்ளிக்கெழமையிலருந்து."

அவர் ஒரு கட்டளை சொன்னார். ஒரே வரி. அந்தக் கருவி, விண்டோஸ் டிரைவரைச் சுமந்த சிடியாகத் தன்னைக் காட்டிக்கொண்டிருந்தது. சிடியை வெளியே தள்ளு என்றதும்தான் தன் உண்மையான எண்ணைச் சொன்னது. அந்த எண்ணுக்கான டிரைவர் லினக்ஸில் முதலிலிருந்தே இருந்தது. நீல விளக்கு எரிந்தது. கம்பெனிப் பக்கம் திறந்தது. அவர் கணக்கை மூடியிருந்தார்கள்.

வெங்கடேஷ்பாபு அவளைத் திட்டவில்லை.

அதற்குப் பிறகு அவருக்கு வேறு வேலை அமையவில்லை. விசாரிக்க வந்தவர்களிடம் சூடாமணி, "உள்ள வேலை பாக்குறாரு" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். குரல் மட்டும் தணிந்துவிட்டது. ஐப்பசி மழையில் புண் சீழ்பிடித்து, ஆஸ்பத்திரியில் ஒன்பதாம் நாள் இறந்துபோனார்.

மாசியில்தான் பிருந்தாவுக்கு அந்தப் பக்கத்தைத் திறக்க மனம் வந்தது. நன்றிக்குக் கீழே புதிதாக யாரோ கேட்டிருந்தார்கள்: எப்படிச் சரியானது என்று சொல்ல முடியுமா? கேட்டு மூன்று மாதம் ஆகியிருந்தது. யாரும் பதில் சொல்லியிருக்கவில்லை.

அந்தத் திங்கட்கிழமை, கணக்கு மூடப்பட்டதை அவள் வாசித்துச் சொன்ன பிறகு வெகுநேரம் கழித்து, தலையணையிலிருந்து முகத்தை எடுக்காமலே அவர் கேட்டது ஒன்றுதான்.

"பிருந்தா, என்ன செஞ்சோம்னு அந்தப் பக்கத்துல எழுதிப் போட்டுரு. சிடி படம் வரும், மூடிராதீகன்னு மொதல்ல எழுது."