ஒரே வரிசையில் சம்பந்தியம்மா

நான் இளைத்த வருஷம் வடக்குப்பட்டில் எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு இத்தனை வருஷம் பொங்கிப் போட்டதில் ஒரு பங்கு என் இடுப்பிலும் தங்கியிருந்தது. அது கரையத் தொடங்கியதும் பெண்கள் தெருவில் நிறுத்தி, கொள்ளு ரசமா, நடையா என்று ரகசியம் கேட்டார்கள். என் வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்த தென்காசிப் பையன்கள் மட்டும், "என்னம்மா, இப்படி எளைச்சிட்டிய" என்று கவலைப்பட்டார்கள்.

காய்ச்சல் வருவதும் போவதுமாக இருந்தது. ஸ்ரீபெரும்புதூரில் ஒரு டாக்டர் சர்க்கரை பார்த்தார். இன்னொருவர் தைராய்டு பார்த்தார். மூன்றாமவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துவிட்டு, வயசுதான் காரணம் என்றார். வயசு என்பது டாக்டர்களுக்கு ரொம்ப வசதியான வியாதி.

அந்தச் சமயத்தில் எங்கள் தெருமுனையில், ஒரகடத்துக் கம்பெனி பஸ்கள் நிற்கும் இடத்தில், எச்.ஐ.வி. பரிசோதனை வண்டி ஒன்று வந்தது. வெளியூரிலிருந்து வேலைக்கு வந்த பையன்களுக்கான வண்டி. பிரஷரும் பார்ப்பார்கள் என்று நினைத்து நானும் வரிசையில் நின்றேன். உள்ளே இருந்த பெண் சிரித்துக்கொண்டே, இது வயசுப் பசங்களுக்கு, உங்களுக்குத் தேவைப்படாது ஆன்ட்டி என்று சொல்லி, பையன்களுக்குக் கொடுத்த மாம்பழ ஜூஸில் ஒன்றை எனக்கும் கொடுத்து அனுப்பினாள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஜூஸ் நன்றாக இருந்தது.

கடைசியில் என்னைக் காட்டிக்கொடுத்தது கண். புரை ஆபரேஷனுக்கு முன்னால் ரத்தம் எடுத்தார்கள். மறுநாள் கண் டாக்டருக்குப் பதிலாக வேறொரு அறைக்குப் போகச் சொன்னார்கள். அங்கே ஆலோசனை சொல்லும் பெண் ஒருத்தி. என் மகளைவிடச் சின்னவள். எனக்கென்று ஊற்றிய தண்ணீரைத் தானே குடித்துவிட்டு, மறுபடி ஊற்றி என் பக்கம் நகர்த்தினாள். பிறகு விஷயத்தைச் சொன்னாள். எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது, ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டால் பயமில்லை என்றாள். எனக்கு எதுவுமே உறைக்கவில்லை. அவளோ, வருகிறவர்களிடம் எல்லாம் கேட்டுப் பழகிய வரிசையில் கேள்விகளைக் கேட்டுக்கொண்டே போனாள்.

"குழந்தை பெத்துக்கிற எண்ணம் இருக்காம்மா?"

"என் பேரனை ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேனே."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. சிரித்து முடித்த பிறகுதான் அழுதேன்.

எப்படி வந்தது என்று கேட்பீர்கள். என் வீட்டுக்காரர் போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. கடைசியில் அவரும் இதே மாதிரிதான் இளைத்தார். பீடிமேல் பழியைப் போட்டுவிட்டோம். அவர் படத்துக்குச் சில நாள் பூ வைக்காமல் இருந்தேன். வாய் திறக்க முடியாத மனுஷரோடு எவ்வளவு நாள்தான் சண்டை போடுவது? மறுபடி வைத்துவிட்டேன்.

காஞ்சிபுரத்தில் மாத்திரை வாங்கலாம் என்றார்கள். ஆனால் காஞ்சிபுரத்தில் தடுக்கி விழுந்தால் என் சொந்தக்காரர்கள் மேல்தான் விழவேண்டும். அதனால் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அதற்குச் சிங்கப்பெருமாள் கோயில் போய் பஸ் மாற வேண்டும். தண்டலத்தில் கட்டிக் கொடுத்த மகளிடம் போனில், "சிங்கப்பெருமாள் கோயிலுக்குப் போறேன்" என்று சொன்னால் அதில் பொய் ஒன்றும் இல்லை. பஸ்ஸின் போர்டிலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது. மாதம் தவறாமல் சாமி கும்பிடுகிறவள் என்று எனக்குப் பேர் வந்தது. மாத்திரைக்குக் காலையில் ஒரு கம்பெனி பஸ்ஸின் ஹாரன், ராத்திரி ஒரு பஸ்ஸின் ஹாரன் என்று அடையாளம் வைத்துக்கொண்டேன். ஆயுத பூஜை லீவில் பஸ் வராமல் திண்டாடிப் போனேன்.

இனி சம்பந்தியம்மா. என் மகளின் மாமியார். நல்ல உயரம், கணீரென்ற குரல். கல்யாணப் பந்தியில், அத்தனை பேர் முன்னால், சாம்பாரில் உப்பே இல்லை என்று சொன்னவர். ஊர்ப் பிள்ளைகளுக்கு எல்லாம் சாம்பார் வைத்தவளைப் பார்த்து அப்படிச் சொல்லலாமா? அன்றிலிருந்து எங்களுக்குள் பேச்சு வார்த்தை என் மகள் வழியாகத்தான்.

ஒருநாள் ஆஸ்பத்திரி வரிசையில் முந்தானையை முக்காடாகப் போட்டு உட்கார்ந்திருந்தேன். முன்னால் ஒரு அம்மாள், எனக்கு அப்புறம் வந்தவங்களை எப்படிக் கூப்பிட்டீங்க என்று நர்ஸிடம் நியாயம் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தக் குரலை எங்கே கேட்டாலும் எனக்குத் தெரியும். தூணுக்குப் பின்னால் நகர்ந்தேன். அந்த நேரம் பார்த்து நர்ஸ் என் பெயரை உரக்கக் கூப்பிட்டாள். சம்பந்தியம்மா திரும்பினார்.

முக்காட்டை இறக்குவதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை.

"யாரைப் பாக்க வந்தீங்க, சம்பந்தி?" என்றார்.

"தெரிஞ்சவங்க ஒருத்தரு அட்மிட் ஆகியிருக்காங்க."

"எனக்கும் அப்படித்தான்."

இரண்டு பேரும் தெரிந்தவர்களைப் பார்க்க வந்து, ஒரே சன்னலில் ஒரே மாதிரி மாத்திரை டப்பாவை வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம். ஒரே பஸ். இருந்ததும் ஒரே சீட். ஒரகடம் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் போட்ட பள்ளங்களில் பஸ் இறங்கி ஏறும்போது இரண்டு பேர் பையும் ஒரே தாளத்தில் கலகலத்தன. முதலில் சிரித்தது நான்தான். அவர் சிரிக்க ஆரம்பித்ததும் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். டப்பாவுக்குள் பஞ்சு வைத்தால் சத்தம் வராது என்று சம்பந்தியம்மா எனக்குச் சொல்லிக் கொடுத்தார். ஆனால் அவசரத்தில் அன்று அவரே வைக்க மறந்திருந்தார்.

பஸ் மாத்தூர் தாண்டியதும் சிரிப்பு நின்றது.

"எங்க வீட்டுக்காரருக்கும் டெஸ்ட் எடுத்தாங்க, அண்ணி. அவருக்கு இல்ல. எனக்குத்தான் கீது. இப்போ அவரு என்னை யாரோ மாதிரி பாத்துக்கினு கீறாரு."

பல வருஷத்துக்கு முன்னால் கர்ப்பப்பை எடுத்தபோது சம்பந்தியம்மாவுக்கு ரத்தம் ஏற்றியிருக்கிறார்கள். அதிலிருந்து வந்திருக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இத்தனை காலத்துக்குப் பிறகு யாரால் உறுதியாகச் சொல்ல முடியும்? அவர் கணவர் தண்டலத்தில் காலேஜ் பஸ் ஓட்டி ஓய்ந்தவர், அதிகம் பேசாதவர். ஒரு வார்த்தை திட்டவில்லையாம். கடையில் பரோட்டா பார்சல் வாங்கிவந்து வாசல் பக்கம் உட்கார்ந்து தனியாகச் சாப்பிடுகிறாராம். மகனும் மருமகளும் அடுத்த தெருவில் தனியாக இருப்பதால் அவர்களுக்கு இது எதுவும் தெரியாது. திட்டியிருந்தாலாவது திருப்பிப் பேசியிருப்பேன் என்றார் சம்பந்தியம்மா. அவர் குரல் அவ்வளவு சின்னதாகி நான் கேட்டதில்லை.

நான் வடக்குப்பட்டில் இறங்கவில்லை. யோசித்திருந்தால் இறங்கியிருப்பேன். நேராக அவரோடு தண்டலம் போய், அந்த மனிதர் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். மாத்திரைப் பையை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணே, எனக்கும் அதேதான் கீது. அண்ணிகூட ஒரே வரிசையில நின்னு ஒரே மாத்திரை வாங்கினு வரேன். என்னையும் தப்பா நினைக்கிறீங்களா?"

அவர் பதறிப்போனார். "உங்களைப் போய் நான் தப்பா நினைப்பனாம்மா?"

"கல்யாணத்துல ஒரு நாள் பாத்த என்னையே நினைக்க மாட்டீங்க. இத்தனை வருசம் கூடவே இருந்தவங்களை எப்படி நினைக்கிறீங்க?"

அவர் எழுந்து போய், மொபெட்டை உதைத்துக் கிளப்பி, போய்விட்டார்.

"போச்சு" என்றார் சம்பந்தியம்மா. "இப்போ உங்க வியாதியும் ஊருக்கே தெரியப்போவுது."

இரண்டு பேரும் வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். என்ன காரியம் செய்துவிட்டோம் என்று இருந்தது எனக்கு. கொஞ்ச நேரத்தில் மொபெட் சத்தம் கேட்டது. பால் பாக்கெட்டோடு உள்ளே வந்தார். மனைவி முகத்தைப் பார்க்காமல், மூணு காபி போடு என்றார். இரண்டு இல்லை, மூன்று; அவருக்கும் சேர்த்து. சம்பந்தியம்மா அடுப்படிக்குப் போய் வெகுநேரம் வரவில்லை. காபி வந்தபோது அதில் சர்க்கரை அளவுக்கு மேல் இருந்தது. மூன்று பேரும் சொட்டு விடாமல் குடித்தோம்.

அவர் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. பார்சல் வாங்குவது நின்றது, அவ்வளவுதான். அடுத்த மாதம் எங்களோடு ஆஸ்பத்திரிக்கு வந்து, டாக்டரிடம் அவ்வளவு கேள்வி கேட்டார். பேசாத மனிதர் எல்லாவற்றையும் அன்றைக்கென்று சேர்த்து வைத்திருந்தார் போல. ஒரே தட்டில் சாப்பிடலாமா, பேரனைத் தூக்கலாமா, இவள் இன்னும் எத்தனை வருஷம் இருப்பாள்? கடைசிக் கேள்விக்கு டாக்டர், நீங்க இருக்கிற வரைக்கும் இருப்பாங்க, சண்டை போடாம பாத்துக்குங்க என்றார்.

பிள்ளைகளுக்குத்தான் எங்கள் திடீர் சிநேகிதம் புரியவில்லை. மாமியாரும் அம்மாவும் கூட்டு சேர்ந்தால் தனக்கு எதிராகத்தான் இருக்கும் என்று என் மகள் முடிவே கட்டிவிட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் உட்காரவைத்துச் சொன்னோம். மாப்பிள்ளை அழுதுவிட்டார். என் மகள் முதலில் கோபப்பட்டாள். அதுவும் வியாதிக்காக இல்லை. ஒரு வருஷமாகக் கோயிலுக்குப் போனதாக ஏமாற்றியதற்காக. அப்புறம் வந்து என் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டாள். பேரன் வந்து அவள்மேல் ஏறி உட்கார்ந்தான்.

இப்போது எங்கள் ரத்தத்தில் வைரஸ் அடங்கிக் கிடக்கிறது என்கிறார்கள். நான் பழையபடி குண்டாகிவிட்டேன்; தெருவில் யாரும் ரகசியம் கேட்பதில்லை. டாக்டர் திட்டுவதெல்லாம் சம்பந்தியம்மாவின் கொழுப்புக்கும் என் மூட்டுக்கும்தான். வரிசையில் நரைத்த தலைகள் கூடிக்கொண்டே வருகின்றன. வயசானவர்கள் எப்படி நிற்பது என்று சம்பந்தியம்மா போட்ட சத்தத்தில் ஆஸ்பத்திரியில் ஒரு நீள பெஞ்சு போட்டார்கள். பிரச்சினை என்னவென்றால், போன மாதம் நாங்கள் போவதற்குள் வேறு தாத்தாக்கள் அதில் உட்கார்ந்துவிட்டார்கள். எழுந்திருக்கச் சொல்லி அவர் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கும்போதே என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள்.